1520 போதுமா? தனியார் பல்கலைக்கழக மெரிட் ஸ்காலர்ஷிப் பற்றி ஒரு கேள்வி

எடிசன்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பி முடித்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். மகன் 11ஆம் வகுப்பு. ஜிபிஏ (பாட மதிப்பெண் சராசரி) 3.92, எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1600க்கு 1520, இந்த வருடம் கல்லூரித் தரத்தில் நான்கு ஏபி பாடங்கள். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓட, இவன் மட்டும் சிவில் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறான். சரி, படிக்கட்டும்.

பணம்தான் பிரச்சனை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மூன்று தனியார் பல்கலைக்கழகங்களின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் பக்கம்) எங்கள் வருமானம், சேமிப்பு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் உதவி பூஜ்யம். வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல் நாங்களே கட்ட வேண்டுமாம். வீட்டுக் கடன் இன்னும் 19 வருடம் இருக்கிறது. அவனுக்கு அடுத்து எட்டாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். கால்குலேட்டர் எங்களைப் பணக்காரர்கள் என்கிறது, மாதக் கடைசியில் என் பேங்க் கணக்கு அப்படிச் சொல்வதில்லை.

அதனால் வருமானத்தைப் பார்க்காமல் தகுதிக்குத் தருகிற மெரிட் ஸ்காலர்ஷிப்தான் எங்களுக்கு ஒரே வழி. 1520ஐ 1560 ஆக்க இன்னொரு முறை எழுத வைக்கலாமா? கோச்சிங்குக்கு 2,400 டாலர் கேட்கிறார்கள். கார்னெல் மாதிரி இடங்களில் மெரிட் வாங்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? எர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற முன்கூட்டிய விண்ணப்பம்) போட்டால் ஸ்காலர்ஷிப் கிடைக்கிற வாய்ப்பு கூடுமா? ஒன்பது வருடமாக வயலின் படிக்கிறான், தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருக்கிறான், உணவு வங்கியில் தொண்டு செய்கிறான். இதெல்லாம் கணக்கில் வருமா?

—

ஹூஸ்டன்_அப்பா:

சகோதரி, இரண்டு வருடம் முன்னால் என் பெண்ணுக்காக இதே கேள்விகளோடு இதே மாதிரி ராத்திரி உட்கார்ந்திருந்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கார்னெலை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கார்னெலையும் சேர்த்து ஐவி லீக் என்கிற எட்டுப் பல்கலைக்கழகங்களிலும் மெரிட் ஸ்காலர்ஷிப் கிடையாது. 1954இல் அவர்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி விளையாட்டுக்குக்கூடக் கிடையாது. குடும்பத்தின் தேவையைப் பார்த்து மட்டும்தான் பணம் கொடுப்பார்கள். எம்ஐடியும் அப்படியே. 1600க்கு 1600 வாங்கினாலும் உங்கள் வருமானத்துக்கு அங்கே விலை மாறாது. இது தெரியாமல் நான் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் வீணாக்கினேன்.

மிச்சம் இருக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் இரண்டு ரகம். இரண்டும் "மெரிட்" என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்கின்றன, ஆனால் அர்த்தம் வேறு. நாம் குழம்புவது அங்கேதான்.

ஒரு ரகம், வாண்டர்பில்ட், டியூக், எமரி, யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா), ரைஸ் போன்றவை. இங்கே சேருவதே கஷ்டம், சேருகிறவர்களில் ஒரு கைப்பிடி பேருக்குத்தான் பெரிய ஸ்காலர்ஷிப். வாண்டர்பில்ட்டின் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் ஸ்காலர்ஷிப், யுஎஸ்சியின் டிரஸ்டி எல்லாம் முழுக் கல்விக் கட்டணம். டியூக்கும் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ராபர்ட்சன் ஸ்காலர்ஷிப்பில் தங்குமிடம், சாப்பாடும் சேர்ந்துவிடும். இங்கே போட்டிக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்குமே 1550 பக்கம் இருக்கும். அதனால் 1520, 1560 என்ற வித்தியாசம் இங்கே யாரையும் தனியாகக் காட்டாது.

இன்னொரு ரகம், ஒரு படி கீழே. கேஸ் வெஸ்டர்ன், ஆர்பிஐ (ரென்சலர் பாலிடெக்னிக்), மயாமி, எஸ்எம்யு (சதர்ன் மெத்தடிஸ்ட்) மாதிரி. இங்கே மெரிட் என்பது பரிசு மாதிரி தெரியும், உள்ளே போய்ப் பார்த்தால் தள்ளுபடி. நல்ல மாணவன் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று விலையைக் குறைத்து இழுக்கிறார்கள். தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் எல்லா மானியத்தையும் சேர்த்தால், சராசரியாகப் பட்டியலில் போட்ட கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடி என்று கல்லூரி நிதி அதிகாரிகளின் நாகுபோ அமைப்பு வருடா வருடம் கணக்குச் சொல்கிறது. ஜவுளிக்கடை விலைச்சீட்டு மாதிரிதான். இந்த ரகத்தில் உங்கள் பையனின் 1520 நன்றாக வேலை செய்யும்.

எந்தக் கல்லூரி எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஒவ்வொரு வருடமும் வெளியிடுகிற நீளமான அட்டவணை அது. அதில் எச்2 என்ற பகுதிக்குப் போங்கள். முதலாண்டு மாணவர் மொத்தம் எத்தனை பேர், அதில் பண உதவி தேவை என்று தீர்மானிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் வருவது நம்மைப் போன்ற "தேவை இல்லாத" குடும்பத்துப் பிள்ளைகள். அதற்குக் கீழே எச்2ஏ. அதில் 'N' என்ற எழுத்து போட்ட வரிசையில், தேவை இல்லாமலேயே கல்லூரிப் பணம் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்றும், 'O' வரிசையில் சராசரி எத்தனை டாலர் என்றும் இருக்கும்.

சும்மா ஒரு உதாரணம் சொல்கிறேன். மொத்தம் 1,600 பேர், தேவை உள்ளவர்கள் 700. மிச்சம் 900. 'N' வரிசையில் 45 என்று இருந்தால் நூற்றுக்கு ஐந்து பேர், கிட்டத்தட்ட லாட்டரி. அதே இடத்தில் 500 என்று இருந்தால் பாதிப் பேருக்கு மேல் கிடைக்கிறது, தைரியமாக விண்ணப்பிக்கலாம். சராசரியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். நாலு பேருக்கு முழுக் கட்டணமும் மற்றவர்களுக்குச் சில்லறையும் கொடுத்தாலும் சராசரி பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதே அட்டவணையில் சி9 என்ற பகுதியில் எஸ்ஏடி மதிப்பெண்கள் இருக்கும். உங்கள் பையன் 75ஆவது சதமானத்துக்கு (நூறில் 75 பேர் அதற்குக் கீழே இருக்கும் மதிப்பெண்) மேலே இருக்கிற இடம்தான் தள்ளுபடி கிடைக்கிற இடம். கோச்சிங்குக்கு 2,400 கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இந்த அட்டவணையோடு உட்காருங்கள். இலவசம்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். "சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் அனைவரும் ஸ்காலர்ஷிப்புக்குப் பரிசீலிக்கப்படுவார்கள்" என்று அவர்கள் பக்கத்தில் படித்தேன். அடுத்த பத்தியில் "முன்கூட்டிய கெடுவுக்குள் விண்ணப்பித்தால்" என்று இருந்தது, அதை நான் படிக்கவில்லை. ஜனவரியில் விண்ணப்பித்தோம். மார்ச்சில் இடம் கிடைத்தது, பணம் ஒரு டாலர்கூட இல்லை. போன் செய்தேன். அந்தப் பெண் மிகவும் அன்பாகத்தான் பேசினார், ஆனால் அந்தத் தேதி நவம்பரோடு முடிந்துவிட்டது என்றார். என் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவளே பாத்திரம் கழுவினாள், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதனால் தேதிகளைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நாங்கள் பார்த்தபோது யுஎஸ்சியில் மெரிட் வேண்டுமென்றால் நவம்பர் 1, எமரியில் நவம்பர் 15, பாஸ்டன் யுனிவர்சிட்டி டிரஸ்டிக்கு டிசம்பர் 1. வாண்டர்பில்ட்டிலும் டிசம்பர் 1, ஆனால் அங்கே சேர்க்கை விண்ணப்பம் போதாது, ஸ்காலர்ஷிப்புக்கென்று தனி விண்ணப்பமும் தனிக் கட்டுரையும் உண்டு. அப்புறம், ஒவ்வொரு வருடமும் அந்த வருடப் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள்.

எர்லி டிசிஷன் பற்றிக் கேட்டீர்கள். சேர்க்கைக்கு அது உதவலாம். நம் மாதிரி பேரம் பேச வேண்டிய குடும்பத்துக்கு அது கையைக் கட்டிக்கொள்கிற வேலை. வந்தே தீருவேன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு எதற்குத் தள்ளுபடி? ஏப்ரலில் நாலு கல்லூரிகளின் ஸ்காலர்ஷிப் கடிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் ஒரு இடத்தில் இன்னொரு கல்லூரியின் கடிதத்தைக் காட்டி மரியாதையாக மின்னஞ்சல் எழுதினோம், வருடத்துக்கு 5,000 கூட்டினார்கள். எர்லி ஆக்‌ஷன் வேறு, அதுவும் முன்கூட்டியே விண்ணப்பிப்பதுதான், ஆனால் கட்டிப்போடாது. முடிந்த இடத்தில் எல்லாம் அதையே போடுங்கள்.

கடைசியாக வயலின். இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். என் பெண்ணின் அரங்கேற்றத்துக்கு நான் செலவழித்ததை என் மாமனாரிடம்கூடச் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் அதுதான் நட்சத்திரம் என்று நினைத்தேன். கட்டுரையை எழுதி முடித்துக் காட்டினாள், அரங்கேற்றம் ஒரு வரியில்கூட இல்லை. மழைமானி பற்றி எழுதியிருந்தாள்.

2017இல் ஹார்வி புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். அதற்கப்புறம் அவளுக்கு மழை மேல் ஒரு பைத்தியம். கோகோராஸ் என்று ஒரு தன்னார்வ வலையமைப்பு இருக்கிறது. நாலு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் மழைமானியைத் தோட்டத்தில் நட்டு, தினமும் காலையில் அளவைப் பார்த்து அனுப்ப வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து அனுப்பினாள். பள்ளி பஸ்ஸுக்கு முன்னால், செருப்பு கூடப் போடாமல் ஓடுவாள். மழை பெய்யாத நாளிலும் 0.00 என்று அனுப்ப வேண்டும். "ஒன்றும் இல்லாததற்கு எதற்கு இவ்வளவு அவசரம்?" என்று நான் கத்தியிருக்கிறேன். அனுப்பாமல் விட்டால், மழை இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அப்பா என்பாள். கட்டுரை முழுக்க அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான். ஸ்காலர்ஷிப் நேர்காணலில் இருபது நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் அந்தப் பூஜ்யம்தானாம்.

இப்போது முக்கால் கல்விக் கட்டணம் ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறாள். எந்த இடம் என்று எழுதக் கூடாது என்று உத்தரவு. அதனால் சிவில் இன்ஜினியரிங் ஏன் என்று உங்கள் பையனிடம் ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள், எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறந்துவிட்டேன், அவன் 11ஆம் வகுப்பு என்பதால் இன்னொன்று. ஆர்பிஐயில் ரென்சலர் மெடல் என்று உண்டு, 1916இலிருந்து கொடுக்கிறார்கள். கணிதத்திலும் அறிவியலிலும் சிறந்த 11ஆம் வகுப்பு மாணவரைப் பள்ளிதான் முன்மொழியும். இடம் கிடைத்துச் சேர்ந்தால் மெடலோடு நாலு வருட ஸ்காலர்ஷிப்பும் வரும். உங்கள் பள்ளி அதில் பங்கெடுக்கிறதா என்று பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் இந்த வாரமே கேளுங்கள். புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங் அங்கே படித்தவர்தான். சிவில் படிக்க அது சாதாரண இடமில்லை.

—

ரட்கர்ஸ்_ரசிகன்:

ஹூஸ்டன் அண்ணன் எழுதியது எல்லாம் சரி. ஆனால் எடிசன் ஊர் இருக்கிற நியூஜெர்சியில் இருந்துகொண்டு யாரும் நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் பெயரைச் சொல்லவில்லையே. 92,000 டாலர் இடத்தில் 30,000 ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கேக் வெட்டுகிறோம். மிச்சம் 62,000 நம் கையிலிருந்து. ரட்கர்ஸில் உள்மாநில மாணவருக்குத் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஸ்காலர்ஷிப்பே இல்லாமல் அதைவிட நிறையக் குறைவு. சிவில் அங்கேயும் இருக்கிறது. ஸ்காலர்ஷிப் தொகையைப் பார்க்காதீர்கள், மிச்சம் கட்ட வேண்டியதைப் பாருங்கள்.

—

ஹூஸ்டன்_அப்பா:

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பட்டியலிலும் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று அடிமட்டக் கணக்காக இருந்தது. ஒவ்வொரு தனியார் கடிதத்தையும் அதோடுதான் ஒப்பிட்டோம். மூன்று கடிதம் அங்கேயே விழுந்தது.

—

இரண்டாம்_வருடம்:

வணக்கம் ஆன்ட்டி, நான் இப்போது மெரிட்டில் படித்துக்கொண்டிருக்கிறேன், பெற்றோர் யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். வாங்குவது ஒரு கதை, காப்பாற்றுவது இன்னொரு கதை. என்னுடையதுக்கு ஜிபிஏ 3.0க்குக் கீழே போகக் கூடாது. ஸ்கூலில் 3.9 வாங்கியவளுக்கு 3.0 என்ன பெரிய விஷயம் என்று சிரித்தேன். முதல் செமஸ்டரில் இயற்பியலும் கால்குலஸும் சேர்ந்து 2.94இல் கொண்டு போய் விட்டன. கிறிஸ்துமஸ் லீவில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவே இல்லை. நல்ல வேளை, என் இடத்தில் வருடக் கடைசியில்தான் கணக்குப் பார்ப்பார்கள், அதற்குள் 3.2 ஆகிவிட்டது.

சில ஸ்காலர்ஷிப்புகளில் 3.5 வரை கேட்கிறார்கள். இன்ஜினியரிங்குக்கு அது நிஜமாகவே கஷ்டம். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை ஜிபிஏ, செமஸ்டருக்கு ஒரு முறை பார்ப்பார்களா வருடத்துக்கு ஒரு முறையா, விழுந்தால் எழுந்துகொள்ள ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா. அப்புறம் டாலரில் எழுதிய தொகை நான்கு வருடமும் அதேதான் இருக்கும், கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். "முழுக் கல்விக் கட்டணம்" என்று எழுதியிருந்தால் கூடவே ஏறும், "வருடத்துக்கு 25,000" என்று எழுதியிருந்தால் ஏறாது.

—

வரி_மாமா:

இரண்டே வரியில் சொல்கிறேன். ஸ்காலர்ஷிப் பணம் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போனால் வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகிற பகுதி மாணவரின் வருமானமாகக் கணக்காகும். முழுச் செலவும் தருகிற பெரிய ஸ்காலர்ஷிப் வாங்கியவர்கள் ஏப்ரலில் வரிக் கணக்குப் போடும்போது திடுக்கிடுவது இதனால்தான். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் பணம் சேர்த்து வைத்திருந்தால், ஸ்காலர்ஷிப் தொகை அளவுக்கு அதிலிருந்து 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுக்கலாம், ஆனால் லாபப் பகுதிக்கு வரி உண்டு. இரண்டு வரி நான்காகிவிட்டது, மன்னிக்கவும்.

—

எச்4_குடும்பம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மகள் எச்4 விசாவில் (எச்1பி ஊழியரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறாள், கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. அவளுக்கு இதெல்லாம் உண்டா?

—

ஹூஸ்டன்_அப்பா:

ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வருகிற மத்திய அரசு உதவி எச்4க்குக் கிடையாது. ஆனால் மெரிட் என்பது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம், அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் விதி. சில ஸ்காலர்ஷிப்புகள் குடியுரிமையே கேட்பதில்லை, சிலவற்றில் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கட்டாயம். ஒவ்வொரு இடத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் கேட்டது ஏப்ரலில் உதவாது. 21 வயதில் எச்4 முடிந்து எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறினால் ஸ்காலர்ஷிப் தொடருமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அது படிப்பின் நடுவில்தான் வந்து நிற்கும்.

—

எடிசன்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க அட்டவணையோடுதான் உட்கார்ந்தேன். 14 கல்லூரிகளுக்கு எச்2, எச்2ஏ பார்த்து ஒரு எக்செல் போட்டேன். ஐந்து இடங்களை அப்படியே அடித்துவிட்டேன். அதில் இரண்டு, என் கணவர் காரில் ஸ்டிக்கர் ஒட்டக் காத்திருந்த இடங்கள். முதல் வரிசையில் ரட்கர்ஸ். கவுன்சிலருக்கு ரென்சலர் மெடல் பற்றி மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

சிவில் ஏன் என்று கேட்டேன். முதலில் தோளைக் குலுக்கினான். நான் ஒன்றும் பேசாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் போனைக் கொண்டு வந்து நீட்டினான். நடைபாதைப் படங்கள், நானூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் எங்கள் ஊர்தான். நன்றாக வந்துகொண்டிருக்கும் நடைபாதை திடீரென்று புல்லிலோ சாலையிலோ முடிந்துபோகிற இடங்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற ஒரு பாட்டி தினமும் எந்த இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்று ஒரு மேப்பில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறான். இரண்டு வருடமாக வைத்திருக்கிறானாம். நான் அவனை வயலின் வகுப்புக்குக் கொண்டு போய் விடும் வழியில் காரிலிருந்து எடுத்த படங்களும் அதில் இருந்தன.

எஸ்ஏடி திரும்ப எழுதவில்லை. கோச்சிங்குக்கு 300 டாலர் முன்பணம் கட்டியிருந்தேன். திருப்பித் தர மாட்டார்களாம், வேண்டுமென்றால் சின்னவளுக்கு மாற்றித் தருகிறார்களாம். அவள் எட்டாம் வகுப்பு என்று சொன்னேன். பரவாயில்லை, இப்போதே ஆரம்பித்தால் நல்லது என்கிறார்கள்.